அதே 140 துடிப்பு, மூன்று கிலோமீற்றர் கூடுதலாக: போலார் எச்10 நெஞ்சுப் பட்டியுடன் பதினொரு மாதம்

கடந்த மார்ச்சில் ரொறன்ரோவிலிருந்து தம்பி வந்தபோது, பிள்ளைகளுக்கான சொக்கலேட்டுக்கும் அம்மாவுக்கான விற்றமின் போத்தலுக்கும் நடுவில் எனக்கான சிறிய பெட்டி ஒன்றும் இருந்தது. போலார் எச்10. நெஞ்சில் கட்டும் இதயத்துடிப்புப் பட்டி. நூறு கனேடிய டொலருக்குச் சற்று மேல். முதல் நாள் அதிகாலை அதைக் கட்டிக்கொண்டு வெளிக்கிடும்போது அம்மா கேட்டார்: "என்ன பிள்ளை, நெஞ்சில என்னத்தைக் கட்டியிருக்கிறாய்? ஏதும் வருத்தமோ?"

அந்தக் கேள்விக்குக் காரணம் இருக்கிறது. அப்பா 58 வயதில் மாரடைப்பால் போனவர். எனக்கு இப்போது 43. ஆகவே இந்தப் பட்டியைப் பற்றி ஒரு பொழுதுபோக்குச் சாமானைப் பற்றி எழுதுவதுபோல என்னால் எழுத முடியாது.

நான் சைக்கிள் ஓடத் தொடங்கியது 2022இல், பெற்றோல் வரிசைக் காலத்தில். கொழும்பில், வெள்ளவத்தையிலிருந்து கொள்ளுப்பிட்டியில் உள்ள அலுவலகத்துக்கு, கணவரின் பழைய சைக்கிளில், கடலோர மரைன் டிரைவ் வழியாக. பெற்றோல் பங்கீட்டுக்கான கியூ.ஆர். அட்டை வந்து பெற்றோல் கிடைக்கத் தொடங்கிய பிறகும் நான் விடவில்லை. அடுத்த வருடம் பழைய அலுமினிய ரோட் பைக் ஒன்று வாங்கினேன். ஞாயிறு காலையில் பாராளுமன்ற வீதிப் பக்கம் ஓடுகிற ஆக்களுடன் சேர்ந்தேன். எல்லாரையும்போல எனக்கும் ஒரு இலக்கு வந்தது: சராசரி வேகம் மணிக்கு 28 கிலோமீற்றர்.

இப்போது யோசித்தால் அது இலக்கே இல்லை. ஜூலையில் தென்மேற்குக் காற்று அடிக்கும்போது தெஹிவளைப் பக்கம் ஓடினால் 22 வரும். திரும்பி வரும்போது அதே கால், அதே மூச்சு, 33 வரும். சிக்னலில் நின்றால் குறையும், பெரிய கூட்டத்தின் பின்னால் ஒட்டிக்கொண்டால் ஏறும். கணக்காளர் வேலை பார்க்கும் நான், இத்தனை காரணிகள் கலந்த ஒரு எண்ணை அலுவலகத்தில் யாராவது கொண்டுவந்து தந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன். என் உடம்பின் கணக்கில் மட்டும் ஏற்றுக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு ஞாயிறும் முழு மூச்சாக ஓடி, திங்கள் முழுக்கக் களைத்து, எட்டு மாதத்தில் ஒரு முன்னேற்றமும் இல்லை.

அந்தக் கூட்டத்தில் அறுபது வயது தாண்டிய ஒரு சிங்கள அங்கிள் இருக்கிறார். மூச்சு வாங்காமல் எங்களுடன் கதைத்துக்கொண்டே ஓடுவார். ஒரு நாள் நான் பாலத்தடியில் நின்று இளைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து "ஹெமின், நங்கி" என்றார். மெதுவாக, தங்கச்சி. எவ்வளவு மெதுவாக என்று கேட்டேன். உன் இதயத்தைக் கேள் என்றார். அதற்குப் பிறகுதான் துடிப்பை அளக்கிற சாமான்களைத் தேடத் தொடங்கினேன்.

முதலில் வாங்கியது மணிக்கட்டில் கட்டுகிற மலிவான ஒன்று. அது தோலுக்குள் ஒளி பாய்ச்சி இரத்த ஓட்டத்தைப் பார்க்கிற வகை. ஹாண்டிலைப் பிடித்து மணிக்கட்டு மடங்கி, வீதியின் அதிர்வும் வியர்வையும் சேர்ந்தால் அந்த முறை தடுமாறும். ராஜகிரிய மேம்பாலத்தில் நான் வாயைத் திறந்து மூச்சு இழுத்துக்கொண்டிருக்கும்போது அது நிமிடத்துக்கு 96 துடிப்பு என்று காட்டியது. நெஞ்சுப் பட்டி வேலை செய்யும் விதம் வேறு. இதயம் ஒவ்வொரு தடவை சுருங்கும்போதும் எழுகிற மின்சமிக்ஞையை நேரே தோலிலிருந்து எடுக்கிறது. போலார் 1977இல் பின்லாந்தில் தொடங்கிய நிறுவனம். கம்பியில்லாத இதயத்துடிப்புமானியை 1982இல் முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தவர்களும் அவர்கள்தான். நாற்பது வருடமாக ஒரே வேலையைச் செய்தவர்களின் சாமான் என்பது கையில் எடுத்ததும் தெரிகிறது. மென்மையான துணிப் பட்டி, உட்பக்கத்தில் வழுக்காமல் இருக்கச் சிறு சிலிக்கோன் புள்ளிகள், முன்னால் கொழுவும் சிறிய கருவி. அதில் திரை இல்லை, பொத்தான் இல்லை. துடிப்பைப் பார்க்க சைக்கிள் மீற்றரோ கைத்தொலைபேசியோ வேண்டும். புளூடூத்திலும் அனுப்பும், சைக்கிள் மீற்றர்கள் பாவிக்கும் ஆன்ட் பிளஸ் என்ற கம்பியில்லா முறையிலும் அனுப்பும், அதனால் என் சிறிய ஜி.பி.எஸ். மீற்றருடன் முதல் தடவையே சேர்ந்துகொண்டது.

சரி, பட்டி வந்துவிட்டது. எந்த எண்ணை வைத்து இலக்குப் போடுவது?

கைத்தொலைபேசியில் ஒரு பயிற்சிச் செயலி வைத்திருந்தேன். அது என் வயதைக் கேட்டது. 220இலிருந்து 43ஐக் கழித்து, உனது உச்சத் துடிப்பு 177 என்று முடிவெடுத்து, அதிலிருந்து இலகு முதல் கடுமை வரை ஐந்து துடிப்பு மண்டலங்கள் பிரித்து, பதினாறு வாரத் திட்டமும் தந்தது. இரண்டாவது வாரமே பட்டி 186 காட்டியது. நான் பயந்துபோனேன். அப்பாவின் ஞாபகம். அடுத்த நாளே மருத்துவரிடம் போனேன். ஈ.சி.ஜி. எடுத்து, ஓட்ட இயந்திரத்தில் நடக்கவிட்டுப் பார்த்து, பிரச்சினை இல்லை என்றார். 220 கழித்தல் வயது என்பது பெருந்தொகையான மனிதர்களின் சராசரி, தனி ஒருவருக்கு அது பத்துத் துடிப்போ அதற்கு மேலோ இரண்டு பக்கமும் விலகலாம் என்று அவர்தான் விளங்கப்படுத்தினார். நாற்பது தாண்டியவர்கள், வீட்டில் இதய வருத்தம் இருந்தவர்கள், இதை வாங்குவதற்கு முன் அந்தப் பரிசோதனையைச் செய்துவிடுங்கள். இந்தப் பட்டி துடிப்பை எண்ணும், வருத்தம் கண்டுபிடிக்காது.

பிறகு அங்கிள் சொன்ன முப்பது நிமிடச் சோதனையைச் செய்தேன். இருபது நிமிடம் உடம்பைச் சூடாக்கி, முப்பது நிமிடமும் ஒரே சீராகத் தாங்கக்கூடிய அளவு கடுமையாகத் தனியே ஓடவேண்டும். பத்தாவது நிமிடத்தில் மீற்றரில் லாப் பொத்தானை (அந்த இடத்திலிருந்து சராசரியைப் புதிதாகக் கணக்கிடும் பொத்தான்) அமர்த்த வேண்டும். கடைசி இருபது நிமிடச் சராசரித் துடிப்புதான் உங்கள் வாசல். அதற்கு மேலே போனால் நீண்ட நேரம் தாங்காது. வெள்ளவத்தையில் முப்பது நிமிடம் நிற்காமல் ஓட இடம் ஏது? ஞாயிறு விடிய ஐந்தரைக்குப் பாராளுமன்ற வீதிக்குப் போய், தியவன்னா ஓயாப் பக்கம் திரும்பித் திரும்பி ஓடினேன். எனக்கு வந்தது 166.

அந்த ஒரு எண் எல்லாவற்றையும் மாற்றியது. 166இன் 81 முதல் 89 வீதம், அதாவது 134 முதல் 148 வரை, என் நீண்ட ஓட்டத்துக்கான இடம். முந்தைய எட்டு மாதத்தில் நான் ஓடிய எல்லா ஓட்டமும் அதற்கு மேலே. இலகுவாக ஓடவேண்டிய நாளில் கடுமையாக ஓடியிருக்கிறேன், அதனால் கடுமையாக ஓடவேண்டிய நாளில் கால் வரவில்லை.

148க்குக் கீழே ஓடுவது முதல் மூன்று வாரம் மிகவும் கஷ்டமாக இருந்தது. கஷ்டம் காலில் இல்லை, மனதில். மரைன் டிரைவில் சந்தைப் பையுடன் போகிற ஐயா ஒருவர் என்னை முந்திக்கொண்டு போனார். மேம்பாலம் வந்தால் சின்னக் கியரில் போட்டு ஊர்ந்தேன். ஆனால் திங்கட்கிழமை அலுவலகத்தில் கண் சொருகவில்லை.

இதற்குள் எனக்கு ஒரு விஷயம் விளங்கியது. வாசல் துடிப்பு என்ற அந்த 166ஐ உயர்த்துவதை இலக்காக வைக்க முடியாது. பயிற்சி செய்தாலும் அது பெரிதாக மாறுவதில்லை. மாறுவது, அதே துடிப்பில் நீங்கள் போகிற தூரம். ஆகவே என் சீ.ஆர். கொப்பியில் (தடித்த அட்டை போட்ட பெரிய கொப்பி) புதிய இலக்கு எழுதினேன்: 140 துடிப்பளவில் இரண்டு மணித்தியாலம், அதே பாதை, அதே அதிகாலை, தனியே. எத்தனை கிலோமீற்றர்?

ஏப்ரலில் செய்த முதல் ஓட்டம். முதல் மணித்தியாலம் 24.0 கிலோமீற்றர், சராசரி 138. இரண்டாவது மணித்தியாலம் 23.1 கிலோமீற்றர், சராசரி 146. தூரம் குறைந்திருக்கிறது, துடிப்பு ஏறியிருக்கிறது. தூரத்தைத் துடிப்பால் வகுத்தால் முதல் பாதியில் 0.174, இரண்டாவதில் 0.158. ஒன்பது வீத இழப்பு. இந்த விலகல் ஐந்து வீதத்துக்குள் நின்றால் நீண்ட ஓட்டத்துக்கான அடித்தளம் போதும் என்பது பயிற்சியாளர்கள் பாவிக்கும் கணக்கு. இதற்கு மென்பொருள் வேண்டியதில்லை, ஒரு கல்குலேற்றர் போதும்.

கொழும்பில் இந்த விலகலுக்குப் பாதிக் காரணம் வெயிலும் புழுக்கமும். வியர்வை காயாது, உடம்பு குளிராது. தோலைக் குளிர்விக்க இதயம் கூடுதலாக இரத்தம் அனுப்ப வேண்டியிருக்கிறது, தண்ணீர் குறையக் குறைய ஒவ்வொரு துடிப்பிலும் போகிற இரத்தமும் குறைகிறது, அதை ஈடுகட்டத் துடிப்பு ஏறுகிறது. ஒரே ஓட்டத்தை ஐந்தரைக்கும் எட்டரைக்கும் செய்து பார்த்தேன், எட்டரை ஓட்டத்தில் துடிப்பு பத்துக்கு மேல் கூட. போத்தலில் வெறும் தண்ணீருக்குப் பதில் ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் உப்புச் சீனித் தூள்) கரைத்துக் கொண்டுபோகத் தொடங்கியதும் இரண்டாவது மணித்தியாலத்தின் ஏற்றம் கொஞ்சம் அடங்கியது. குளிர்நாட்டு ஆக்கள் எழுதுகிற அட்டவணையை அப்படியே எங்கள் காலநிலையில் பின்பற்ற வேண்டாம். உங்கள் சோதனையை உங்கள் வெக்கையில், ஒரே நேரத்தில் செய்யுங்கள்.

பெரிய இலக்கு ஒன்றும் இருந்தது: நவம்பரில் வெள்ளவத்தையிலிருந்து கண்டிக்கு ஒரே நாளில், கடுகண்ணாவ மலையேற்றத்தில் இறங்கித் தள்ளாமல். கொப்பியின் முதல் பக்கத்தில் கண்டி. அதற்குக் கீழே இரண்டு மணித்தியாலத்தில் 50 கிலோமீற்றர், விலகல் ஐந்து வீதத்துக்குள். அதற்கும் கீழே வாரத்துக்கு நான்கு ஓட்டம், அதில் மூன்று 148க்குள். குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியது கடைசி வரியை மட்டும்தான். கண்டி என் கையில் இல்லை. மழை, வேலை, பிள்ளையின் பரீட்சை எதுவும் குறுக்கே வரலாம். செவ்வாய் காலை எழும்பி ஓடுவது என் கையில் இருந்தது.

ஜூனில் உண்மையிலேயே குறுக்கே வந்தது. நான் காலையில் கட்டிலில் படுத்தபடியே பட்டியைக் கட்டி ஓய்வுத் துடிப்பை எழுதி வைப்பேன். வழமையாக 58க்குப் பக்கத்தில் நிற்கும். ஒரு வியாழக்கிழமை 71. உடம்பில் வேறு எந்தக் குறியும் இல்லை, கொஞ்சம் சோர்வு மட்டும். முன்பு என்றால் கட்டாயம் ஓடியிருப்பேன், கொப்பியில் எண்ணைப் பார்த்ததால் சைக்கிளை எடுக்கவில்லை. பின்னேரம் காய்ச்சல் ஏறியது, இரத்தப் பரிசோதனையில் டெங்கு. அந்தக் காலை இரண்டு மணித்தியாலம் வெயிலில் ஓடியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று அம்மா இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். பட்டி டெங்குவைச் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. இன்று உடம்பு சரியில்லை என்பதை மட்டும் சொன்னது, அது போதுமாக இருந்தது.

ஏழு வாரம் சைக்கிள் இல்லை. திரும்ப ஏறியபோது 140இல் ஒரு மணித்தியாலத்துக்கு 21 கிலோமீற்றர்தான். அழுகை வந்தது. அன்று இரவு கொப்பியைத் திறந்து கண்டிக்கு நேரே இருந்த நவம்பரை வெட்டி, பெப்ரவரி என்று எழுதினேன். குளிர்சாதனப் பெட்டியில் நான்கை இரண்டாக்கினேன். இலக்கை மாற்றுவது தோல்வி என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். ஆனால் கொப்பியில் உண்மையான எண் இருக்கும்போது மாற்றுவது சுலபமாக இருந்தது. எந்த இடத்தில் நிற்கிறேன், போன தடவை அங்கிருந்து மேலே வர எத்தனை வாரம் எடுத்தது என்று பார்த்துக் கூட்டினால் திகதி தானாக வந்தது.

ஒக்டோபரிலிருந்து வாரத்தில் ஒரு நாள் கடுமையான ஓட்டம் சேர்த்தேன். கொழும்பில் ஏற்றம் என்றால் மேம்பாலம்தான், ஆகவே மரைன் டிரைவில் காற்றுக்கு எதிராகப் பத்துப் பத்து நிமிடமாக மூன்று தடவை, 156க்கும் 164க்கும் இடையில். இந்த இடத்தில் நெஞ்சுப் பட்டியின் எல்லையும் தெரியும். துடிப்பு உடனே ஏறாது. முதல் ஒரு நிமிடம் நீங்கள் எவ்வளவு அமர்த்தினாலும் எண் பின்னால்தான் வரும், நம்பி அமர்த்தினால் பிறகு அளவு தாண்டிவிடும். முப்பது செக்கன் வேக ஓட்டங்களுக்கு இது எந்த விதத்திலும் உதவாது. நித்திரை குறைந்தாலும், கோப்பி கூடினாலும் எண் மாறும். பெடலில் போடும் விசையை நேரே அளக்கிற பவர் மீற்றருக்கு இந்தக் குறைகள் இல்லை. ஆனால் அது இந்தப் பட்டியைப்போலப் பல மடங்கு விலை. போட்டிக்கு ஓடுகிறவர்களுக்கு அது வேண்டும். என்னைப்போல அலுவலகமும் வீடும் பார்த்துக்கொண்டு தன்னை முன்னேற்ற நினைக்கிறவர்களுக்கு இந்தப் பட்டி போதும் என்பதுதான் பதினொரு மாதத்துக்குப் பிறகு என் தீர்ப்பு.

பாவனை பற்றிச் சில விஷயங்கள். எந்த நெஞ்சுப் பட்டிக்கும் கட்டுவதற்கு முன் மின்முனைகளைத் தண்ணீரால் நனைக்க வேண்டும். உலர்ந்த பட்டியும் காற்றில் படபடக்கும் பொலியெஸ்ரர் ஜேர்சியும் சேர்ந்தால் முதல் ஐந்து நிமிடம் 190, 200 என்று கண்டபடி குதிக்கும். நான் நனைக்க மறந்த நாட்களில் பார்த்திருக்கிறேன். பெண்களுக்கு ஒன்று: ஸ்போர்ட்ஸ் பிராவின் கீழ்ப் பட்டிக்கு அடியில் படாமல், அதற்குச் சற்றுக் கீழே கட்டுங்கள். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று இருந்தால் மூன்றாவது மணித்தியாலத்தில் தோல் உரசும். அளவு இரண்டுதான் வருகிறது. மெலிந்தவர்கள் சிறியதைக் கேட்டு வாங்குங்கள், தளர்ந்த பட்டி நழுவும்.

எங்கள் ஊர் வியர்வையில் உப்பு மிக வேகமாகப் படியும். ஓடி முடிந்ததும் கருவியைக் கழற்றி வைத்துவிட்டுப் பட்டியைக் குழாய்த் தண்ணீரில் அலச வேண்டும். கழற்றாமல் விட்டால் ஈரமான பட்டியோடு கருவி விழித்தபடி இருந்து பற்றரியைத் தின்னும். கம்பனி சொல்வது 400 மணித்தியாலம். நான் இதுவரை ஏறக்குறைய 230 மணித்தியாலம் பாவித்திருக்கிறேன், இன்னும் மாற்றவில்லை. உள்ளே இருப்பது சீ.ஆர்.2025, மணிக்கூட்டுக் கடையில் கிடைக்கும் சாதாரண வட்டப் பற்றரி. மாற்றும்போது 2032ஐத் தந்துவிடாமல் பார்த்து வாங்குங்கள், அது தடிப்பு கூட.

ஜனவரி முதல் ஞாயிறு, அதே பாதையில் அதே நேரம் இரண்டு மணித்தியாலம். முதல் மணித்தியாலம் 25.2 கிலோமீற்றர், சராசரி 139. இரண்டாவது 24.9, சராசரி 142. கூட்டினால் 50.1. விலகல் மூன்றரை வீதத்துக்கும் குறைவு. ஏப்ரலில் இருந்து மூன்றே மூன்று கிலோமீற்றர்தான் கூட. நடுவில் டெங்குவும் கிடந்த ஏழு வாரமும் இருக்கின்றன. பாராளுமன்ற வீதியில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு அங்கிளுக்கு எண்ணைக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டு இரண்டு தடவை வாசித்தார்.

பெப்ரவரியில் கண்டி. அதிகாலை நாலரைக்கு வெளிக்கிட்டோம், கணவர் காரில் பின்னால். கஜுகமவில் நிற்கவில்லை, வறக்காப்பொலையில் தலகுலி என்ற எள்ளுருண்டை இரண்டு, கேகாலையில் தண்ணீர். மாவனெல்லை வரை 148க்கு மேல் விடுவதில்லை என்று எனக்கு நானே சொல்லியிருந்தேன், இரண்டு பேர் முந்திக்கொண்டு போனபோதும் விடவில்லை. ஏற்றம் தொடங்கியதும் 155, 158 என்று வந்து அங்கேயே நின்றது. லொறிகள் உறுமிக்கொண்டு போகின்றன, எனக்கு மீற்றரில் அந்த ஒரு எண் மட்டும்தான். கடுகண்ணாவையின் குடைந்த பாறையைக் கண்டேன், பிறகு மேலே, வீதியை அமைத்த பொறியியலாளர் டோசனின் நினைவாக 1832இல் கட்டிய கோபுரம். காலை ஒரு தடவைகூட நிலத்தில் வைக்கவில்லை. கண்டியில் போய் நின்றபோது சைக்கிளில் இருந்த நேரம் 5 மணித்தியாலம் 41 நிமிடம், முழு ஓட்டத்தின் சராசரித் துடிப்பு 143. ஓட்டம் முழுவதும் பட்டி ஒரு தடவையும் தொடர்பு அறாமல் எண் தந்தது.

அங்கேயே அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். வந்து சேர்ந்தாயா என்று கேட்கவில்லை. "எத்தனை வந்தது?" என்றார். நூற்று நாற்பத்து மூன்று என்றேன். "அது நல்லதோ?"

நல்லது அம்மா என்றேன்.

கொப்பியில் இப்போது புதிய பக்கம். தென்மேற்குக் காற்று தொடங்குவதற்கு முன் 140இல் இரண்டு மணித்தியாலம், 52 கிலோமீற்றர். குளிர்சாதனப் பெட்டியில் மறுபடியும் நான்கு ஓட்டம், மூன்று 148க்குள்.